சர்க்கரைப் பாகில் எழுதும் சித்திரம்

பாட்னாவில் வாழும் தமிழராகிய நாம் நாள்தோறும் காலையில் காப்பியில் கலக்கும் சர்க்கரைக்கும், நாம் குடியேறிய இம்மகத நாட்டிற்கும் பழந்தொடர்பு உண்டு. சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவரும்படி சீனப் பேரரசர் தாய்சோங் கி. பி. 647-இல் மகதத்திற்கு ஆள் அனுப்பினார் என்று அந்நாட்டு வரலாற்று நூல் கூறுகிறது. பிற்காலத்தில் வெள்ளைச் சர்க்கரைக்கு இங்கே வழங்கிய பெயரோ 'சீனி'! கற்பித்த நாடே கற்றவர் பெயரால் பொருளை அழைப்பது விந்தையன்றோ?

அச்சர்க்கரையைக் கொண்டு சீனர் சித்திரமும் எழுதினர். சிச்சுவான் மாநிலத்துச் செங்டு நகரம் அக்கலைக்குப் பேர்பெற்றது. தாங் காலப் புலவர் ஒருவர் தொடங்கி வைத்தார் என்பது செவிவழிக் கதை; கதையாகவே இருக்கட்டும். மிங் மரபினர் காலத்தில் (1368–1644) வழிபாட்டுப் படையலுக்காகப் பாகை அச்சில் வார்த்து விலங்குகளும் மனித உருவங்களும் செய்தனர். பின்னர் அச்சு மறைந்தது, கரண்டி வந்தது. படையற்பொருள் தெருவுக்கு வந்து சிறுவர் பண்டமாயிற்று.

கலைஞருக்கு வேண்டுவன ஓர் அடுப்பு, செப்புப் பாத்திரம், சிறு கரண்டி, எண்ணெய் தடவிய பளிங்குப் பலகை ஆகியவையே. உருகிய பாகைக் கரண்டியில் மொண்டு, நூல்போல ஒழுகவிட்டு வரைகிறார். பாகு மிகச் சூடானால் கோடு பரந்துவிடும், ஆறினால் ஒழுகாது. பலகையில் விழுந்த கோடு உடனே இறுகுவதால் அழித்தெழுத வழியில்லை. தவறினால் மறுபடி உருக்க வேண்டியதுதான்! முடிவில் மூங்கிற் குச்சியை வைத்து, அதன்மேல் சிறிது பாகு வார்த்து ஒட்டி, தட்டையான அலகினால் மெல்லப் பெயர்த்தெடுக்கிறார்.

எவ்வுருவம் கிடைக்கும் என்பதைச் சுழல்முள் முடிவு செய்யும். வட்டப் பலகையில் விலங்குகளும் பறவைகளும் எழுதப்பட்டிருக்கும். காசு கொடுத்த சிறுவன் முள்ளைச் சுற்றுவான். எல்லோரும் விரும்புவது பறவைநாகம்; அதற்குரிய கட்டமோ மிகக் குறுகியது. நம் திருவிழாக்களில் இராட்டினச் சூதாட்டத்தில் அரையணா இழந்தவர்க்கு அச்சிறுவனின் ஏக்கம் விளங்கும்.

பழைய காகிதங்களைக் கட்டிவைத்துக் காப்பதே தொழிலாகிய இரயில்வே எழுத்தர்களான நமக்கு இக்கலை ஒரு கலக்கத்தைத் தருகிறது. எத்தனையோ தலைமுறைக் கலைஞர் எழுதியவற்றில் ஒன்றேனும் மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் சிறுவர் தின்றுவிட்டனர். கை மறந்தால் கலை போயிற்று. 2008-ஆம் ஆண்டில் சீன அரசு செங்டுவின் இக்கலையைத் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பூங்கா வாயில்களிலும் கோயிற் சந்தைகளிலும் அடுப்பு இன்றும் எரிகிறது. நாகம் கிடைத்த சிறுவன் முதலில் அதன் வாலைக் கடிக்கிறான்.