நாரத்தையும் பாசியும்: ஒரு நறுமணத்தின் வரலாறு

நறுமணத்தை விரும்பாத மனிதர் அரியர். நம் மார்க்கத்திலோ அது விருப்பம் மட்டுமன்று, ஒழுக்கமுமாகும். வெள்ளிக்கிழமையன்று குளித்து, தூய ஆடை அணிந்து, வீட்டில் இருக்கும் நறுமணத்தைப் பூசிக்கொண்டு பள்ளிவாசலுக்குச் செல்வது சுன்னத்து. யாரேனும் நறுமணம் அளித்தால் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதை மறுத்ததில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. திருக்குர்ஆனை ஓதும் நம்பிக்கையாளருக்கு உவமையாக, மணமும் சுவையும் ஒருங்கே வாய்ந்த ‘உத்ருஜ்ஜா’ என்னும் கனியை நபிகளார் எடுத்துக்காட்டினார்கள். அந்தக் கனி நாரத்தை இனத்தைச் சேர்ந்தது என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

அத்தர் என்றதும் நம் உள்ளத்தில் எழுவன ரோஜா, சந்தனம், கஸ்தூரி, ஊது ஆகியவையே. மேலை நாட்டு ஆடவரின் நறுமணம் வேறு வழியில் வளர்ந்தது. நாரத்தை இனக் கனிகளின் தோல் முன்னே நின்று கூர்மையாக மணக்க, மரப்பாசியின் ஈரமணம் பின்னே நின்று அதைத் தாங்குவது அதன் அமைப்பு. அவ்வகையில் தலைசிறந்தது எனப் போற்றப்படுவது, 1966ஆம் ஆண்டில் பாரிஸின் தியோர் நிறுவனம் வெளியிட்ட ‘ஓ சொவாஜ்’. பிரெஞ்சு மொழியில் அதற்குக் ‘காட்டு நீர்’ என்று பொருள். அதை ஆக்கியவர் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா (1905-1996). இந்நறுமணத்தின் முன்னோர் யாவர் என்று நாம் தேடிச் செல்வோமாயின், நம் வீட்டு வாசலிலும் அடுக்களையிலும் வந்து நிற்போம்.

நாரத்தை சென்ற வழி

நாரத்தை இனக் கனிகளின் தாயகம் இமயத்தின் கிழக்குச் சாரலும் அதனை அடுத்த நாடுகளுமாகும். வடமொழியின் ‘நாரங்க’ என்னும் சொல் திராவிட மொழிகளிலிருந்து சென்றது என்று மொழியறிஞர் பலர் கருதுவர். அச்சொல் பாரசீகத்தில் ‘நாரங்’ ஆயிற்று. அரபியில் ‘நாரஞ்ஜ்’ ஆயிற்று. ஸ்பெயினில் ‘நாரன்ஹா’ ஆகி, பிரான்சையும் இங்கிலாந்தையும் அடைந்தபோது முதலெழுத்தை இழந்து ‘ஆரஞ்சு’ ஆயிற்று. சொல் சென்ற வழியே கனியும் சென்றது. புளிப்பு நாரத்தையையும் எலுமிச்சையையும் மத்தியதரைக் கடலின் மேற்குக் கரைகளில் பயிரிட்டுப் பரப்பியவர்கள் முஸ்லிம்களே. 827ஆம் ஆண்டில் ஸிஸிலித் தீவில் அவர்கள் காலடி வைத்தனர். 1091இல் நார்மானியர் தீவு முழுவதையும் வென்றனர். ஆட்சி போயிற்று, தோட்டங்களும் நீர்ப்பாசன முறைகளும் எஞ்சின.

ஸிஸிலிக்கு எதிரே, குறுகிய நீரிணைக்கு அப்பால் இருப்பது இத்தாலியின் கலாப்ரியா. புளிப்பு நாரத்தையும் எலுமிச்சையும் கலந்து பிறந்த ‘பெர்கமாட்’ என்னும் கனி அக்கரையில்தான் செழித்து வளர்கிறது. தின்பதற்கு அது உதவாது. அதன் தோலைப் பிழிந்தெடுக்கும் எண்ணெயே விலைமதிப்புடையது. எலுமிச்சையின் கூர்மையோடு பூவின் மென்மையும் தேயிலையின் நெடியும் அதில் கலந்திருக்கும். கொலோன் நகரில் 1709இல் தொடங்கிய கடையில், ஜோஹான் மரியா ஃபரீனா என்ற இத்தாலியர் இத்தகைய எண்ணெய்களைச் சாராயத்தில் கரைத்து விற்றார். ‘ஓ டி கொலோன்’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது அதன் பின்னர்தான்.

அந்நீருக்கு ஒரு குறை இருந்தது. நாரத்தை மணத்தின் மூலக்கூறுகள் இலேசானவை. உடல் வெப்பத்தில் விரைந்து ஆவியாகிவிடுகின்றன. பூசிய சிறிது நேரத்திற்கெல்லாம் மணம் மறைந்துவிடும். ஓடுகின்ற அம்மணத்தைப் பிடித்து நிறுத்த, கனமான பொருளொன்று வேண்டியிருந்தது. அப்பொருள் பாசி.

பாசியின் கதை

பிரியாணிக்கும் இறைச்சிக் குழம்புக்கும் நம் வீடுகளில் தாளிக்கும்போது, கருகிய காகிதத் துண்டு போன்ற ஒரு பொருளைச் சேர்ப்பதுண்டு. அதுவே கல்பாசி. பாசி என்று நாம் அழைத்தாலும், உண்மையில் பூஞ்சையும் பாசியும் ஒன்றுக்கொன்று துணையாகக் கூடிவாழும் உயிர் அது. யூனானி மருத்துவர்கள் அதனை ‘உஷ்னா’ என்பர். அந்த அரபுப் பெயரே இலத்தீனில் ‘உஸ்னியா’ ஆகி, இன்று தாவரவியலில் அவ்வகை உயிர்களின் ஒரு பேரினத்திற்குப் பெயராக வழங்குகிறது. கன்னோஜ் நகரத்து அத்தர்க்காரர்கள் ‘ஷமாமா’ என்னும் கலவை அத்தருக்கு வாலையில் இடும் சரக்குகளுள் கல்பாசியும் ஒன்று.

மேலை நாட்டார் பயன்படுத்துவது இதன் உறவான, ஓக் மரப்பட்டையில் வளரும் ‘எவர்னியா’ என்னும் பாசி. பால்கன் மலைக் காடுகளில் சேகரித்து, பிரான்சின் கிராஸ் நகரில் அதன் சாற்றை எடுப்பர். மழை பெய்த காட்டின் மண், பழைய தோல், எழுதும் மை ஆகியவற்றை நினைவூட்டும் மணம் அது. மெல்ல ஆவியாவதால் நாரத்தை மறைந்த பின்னும் தோலில் தங்கி நிற்கும்.

இவ்விரண்டையும் ஓர் இலக்கணமாக நிலைநாட்டியவர் கார்ஸிகாத் தீவில் பிறந்த பிரான்சுவா கோட்டி. 1917இல் அவர் வெளியிட்ட ‘ஷீப்ர்’ என்பதன் பெயருக்கு ஸைப்ரஸ் தீவு என்று பொருள். மேலே பெர்கமாட், கீழே பாசி, இடையே இவ்விரண்டையும் இணைக்கும் லாதன் பிசின் என்பது அவர் வகுத்த முறை. லாதன் என்பதும் கீழ்த்திசைச் சொல்லே. ஆட்டுக்கடாக்களின் தாடியில் ஒட்டிக்கொள்ளும் அப்பிசினை அரபியர் சேகரிப்பதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடட்டஸ் எழுதியிருக்கிறார்.

காட்டு நீரின் கவர்ச்சி

கோட்டியின் கலவை அடர்த்தியானது, பெண்களுக்கென விற்பனையானது. ருட்னிட்ஸ்கா செய்த புதுமை யாது? கிராஸ் அருகே கப்ரீஸ் என்னும் மலையூரில் வாழ்ந்த அவர், குறைத்தலே கலை என்று எண்ணினார். எலுமிச்சையையும் பெர்கமாட்டையும் முன்னிறுத்தினார். துளசி, ரோஸ்மேரி முதலிய இலைகளின் பசுமையைச் சேர்த்தார். அடியில் பாசியோடு வெட்டிவேரையும் வைத்தார். அவ்வேருக்கு உலக மொழிகள் வழங்கும் ‘வெட்டிவர்’ என்ற பெயர் நம் தமிழ்ச் சொல்லே! இவற்றுக்கு நடுவே ‘ஹெடியோன்’ என்ற புதிய பொருளைப் புகுத்தினார். மல்லிகை இன மலரின் மணத்தை ஆராய்ந்து, ஜெனீவாவின் ஃபிர்மனிச் நிறுவனத்து வேதியியலார் ஆக்கிய பொருள் அது. தானாக உரக்க மணக்காது. கலவைக்குள் காற்றோட்டத்தை உண்டாக்கும். அதனால் எலுமிச்சையின் புத்துணர்ச்சி நீடித்தது. பாசியின் கனம் இறுக்கமாகவில்லை.

அதன் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறதென்று நாம் கருதுகிறோம். காலைக் குளியலின் தூய்மை உடனே தெரிகிறது. அடக்கமான முதிர்ச்சி பின்னர் தெரிகிறது. நிலையாமையும் நிலைபேறும் ஒரே சீசாவில் கூடியிருக்கின்றன. பிறர் மூக்கைத் தாக்காமல் அருகில் வருவோரை மட்டுமே அது வரவேற்கிறது. ஆடவருக்கென வந்ததைப் பெண்டிரும் விரும்பி ஏற்றதற்கு இதுவே காரணமாகலாம். இத்தகைய நறுமண நீர்களில் சாராயம் கலந்திருப்பதால், அவற்றைப் பூசுவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குத் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. வரலாற்றை அறிவதற்கு அது தடையுமன்று.

யாருடைய சொத்து?

வாலை வடித்தலை அரபியரே கண்டுபிடித்தனர் என்று மேடைகளில் முழங்குவோர் நம்மிடையே உண்டு. அது உண்மையன்று. பண்டைய அலெக்ஸாந்திரியாவில் வாலை இருந்தது. ‘அம்பிக்ஸ்’ என்ற கிரேக்கச் சொல்லே அரபியில் ‘அல் அன்பீக்’ ஆகி, மீண்டும் ஐரோப்பாவுக்குச் சென்றது. அரபியரின் பெருமை வேறு. அவர்கள் பிறரிடமிருந்து கற்றனர், கற்றதைச் செப்பனிட்டனர், யாவற்றுக்கும் மேலாக, எழுதிவைத்தனர். 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவஞானி அல் கிந்தியின் பெயரில், நறுமணங்களையும் வடித்தலையும் பற்றிய நூலொன்று நமக்குக் கிடைத்துள்ளது. நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள் அதில் அடங்கியுள்ளன. எந்தச் சரக்கு எவ்வளவு, எவ்வளவு தீ என்றெல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒருவர் அதைப் பார்த்துச் செய்ய இயலும்.

எழுதிவைத்தலின் அருமையை இன்றைய நிலை இன்னும் தெளிவாக உணர்த்துகிறது. ஓக் மரப் பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் என்னும் இரு பொருள்கள் சிலரது தோலில் ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அவற்றைத் தடை செய்தது. 2019 ஆகஸ்டு முதல் அவை கலந்த புதுச் சரக்கு சந்தைக்கு வரக்கூடாதென்றும், 2021 ஆகஸ்டு முதல் பழைய சரக்கும் விற்கக்கூடாதென்றும் விதித்தது. மக்களின் நலம் கருதிய விதி அது. நாம் குறைகூற இடமில்லை. எனினும் அப்பொருள்களை நீக்கிய பாசிக்கு முந்தைய ஆழமில்லை என்று வருந்துவோர் பலர். சீசாவின் பெயர் மாறவில்லை. உள்ளிருக்கும் பாசி மாறிவிட்டது.

பழைய மணம் அடியோடு அழிந்துவிட்டதா? இல்லை. 1990இல் வெர்ஸாய் நகரில் தொடங்கிய ‘ஓஸ்மோதெக்’ என்னும் நறுமணக் காப்பகம், மறைந்த மணங்களைப் பழைய செய்முறைக் குறிப்புகளின்படி மீண்டும் ஆக்கிப் பாதுகாத்து வருகிறது. கோட்டியின் 1917ஆம் ஆண்டு ‘ஷீப்ர்’ அங்கே இருக்கிறது. குறிப்பு இருந்தது, ஆகவே மணமும் மீண்டது.

நம் ஊர்களில் பள்ளிவாசல் வாயிலில் சிறு பெட்டியோடு அமர்ந்து அத்தர் விற்கும் முதியவரைப் பார்க்கிறோம். எந்த அத்தருக்கு எந்தச் சரக்கு, கலப்படத்தைக் கண்டறிவது எவ்வாறு, மழைக்காலத்திற்கு எது, கோடைக்கு எது என்பனவெல்லாம் அவர் நெஞ்சில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுதுவோர் எத்தனை பேர்? முன்னோரின் பெருமையைப் பேசுவது எளிது. முன்னோர் செய்ததை நாமும் செய்வதே கடன். அல் கிந்தியின் வழிவந்தோர் என்று நம்மைச் சொல்லிக்கொள்ள விரும்பினால், ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு அந்த முதியவரின் அருகே சென்று அமர்வோம்.