மண்தொட்டியில் மலைக்குளிர்: ஆர்க்கிட் நம் வாசலுக்கு வந்த வரலாறு

மலரில் கடன், சேமிப்பு, தொழில் பற்றிப் பலரும் எழுதுவாங்க. நான் நம்ம ஏற்காட்டு மரங்களில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடியின் வரலாற்றை எழுத நினைத்தேன். அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆர்க்கிட்டைப் புல்லுருவி என்று நினைத்து மரத்திலிருந்து சுரண்டிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்காங்க. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் அப்படி இல்லீங்க. அது மரத்திடம் கேட்பது உட்கார இடம் மட்டும்தான். மழைநீர், பனி, பட்டை இடுக்கில் சேரும் மக்கு, இவைதான் அதற்குச் சாப்பாடு.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துப் பணக்காரர்களுக்கு இந்தப் பூ மேல் பெரும் பித்து. உலகம் முழுக்க ஆள் அனுப்பிச் செடிகளை வரவழைத்தார்கள். வெப்ப நாட்டுச் செடிதானே என்று கண்ணாடி வீட்டுக்குள் வைத்து, கதவை அடைத்து, கரி எரித்துச் சூடேற்றினார்கள். ஜான் லிண்ட்லி என்ற பெரிய தாவரவியல் அறிஞரே 1830-இல் சூடும் ஈரமும் நிழலும் வேண்டும் என்றுதான் சொன்னார். காற்றோட்டம் இல்லாமல் செடிகள் ஆயிரக்கணக்கில் அழுகிச் செத்தன. அவற்றில் பலவும் 5,000, 6,000 அடி உயர மலையில், மேகத்துக்குள் குளிர்ந்து வளர்ந்தவை என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டக்காரர் ஜோசப் பேக்ஸ்டன் ஜன்னலைத் திறந்து காற்று விட்டார், சூட்டைக் குறைத்தார். செடிகள் பிழைத்தன. 1860-களில் ஜேம்ஸ் பேட்மேன் என்பவர் மலை ஆர்க்கிட்டுகளைக் குளிர்ச்சியாகத்தான் வளர்க்க வேண்டும் என்று எழுதி எல்லோருக்கும் புரியவைத்தார். பிறந்த இடம் எப்படியோ அப்படித்தான் வளர்ப்பு என்பது புரிய அவர்களுக்கு இத்தனை காலம் ஆச்சு.

இதற்கிடையில் காடுகள் காலியாகிக்கொண்டிருந்தன. 1850-இல் ஜோசப் ஹூக்கர் என்ற அறிஞர், இன்றைய மேகாலயாவில் உள்ள காசி மலையில் நீல வாண்டா செடிகளை ஏழு ஆள் சுமை எடுத்தார். அதில் இங்கிலாந்துக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான். கூடப்போன இன்னொருவரின் ஆள் எடுத்த ஒரே ஒரு சுமை, வாடி வதங்கிப் போய்ச் சேர்ந்தும் 300 பவுண்டுக்கு விற்றது. தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் ஆல்பர்ட் மில்லிகன் என்ற செடி வேட்டைக்காரர் சுமார் 10,000 ஆர்க்கிட் எடுக்க சுமார் 4,000 மரங்களை வெட்டியதாகத் தன் 1891-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். தலைச்சுமை தூக்கிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். சுமந்தவன் கையில் கூலி, விற்றவன் கையில் லாபம், காட்டுக்கு நஷ்டம்.

நம்ம பக்கமும் இது நடந்தது. அகத்தியமலையில் மஞ்சள் நிறத்தில் பூக்கும் செருப்பு வடிவ ஆர்க்கிட் ஒன்று உண்டு. 1865-இல் கர்னல் ட்ரூரி அதைக் கண்டார். அவர் பெயரே அதற்கு வந்தது. பிறகு பிடுங்கிப் பிடுங்கியே அது அழியும் நிலைக்குப் போய்விட்டது.

காட்டைத் தொடாமல் செடியைப் பெருக்க வழி காட்டியது ஆய்வுக்கூடம். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், தன்னுள் சாப்பாடு கிடையாது. ஒரு வகைப் பூஞ்சை கூட இருந்தால்தான் முளைக்கும் என்று 1899-இல் பிரான்ஸில் நோயல் பெர்னார்ட் கண்டார். பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கலந்த கூழில் முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் காட்டினார். இன்று நர்சரியில் கிடைக்கும் கன்றுகளில் பலவும் இப்படி வந்தவைதான். நம்ம ஏற்காட்டிலேயே 1963-இல் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஆர்க்கிட்டுகளைக் காக்க ஒரு தோட்டம் அமைத்தது. பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்க.

இனி வீட்டு வளர்ப்பு. சிம்பிடியம் போன்ற குளிர்விரும்பிகளுக்கு மண்தொட்டிதான் நல்லது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான்: பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கு? மண்ணின் துளை வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. தொட்டியிலும் அதே வேலைதான் நடக்கிறது. வேருக்கு ஈரம், குளிர்ச்சி, காற்று மூன்றும் கிடைக்கும்.

புதுத் தொட்டியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போடுங்க. இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றும் நீரை அது குடித்துவிடும். தோட்டத்து மண் வேண்டாம். செங்கல் துண்டு, அடுப்புக்கரி, ஊறவைத்து அலசிய தேங்காய்மட்டைத் துண்டு போதும். காலையில் தண்ணீர், மழைநீர் என்றால் இன்னும் நல்லது. உச்சிவெயில் படக்கூடாது. தொட்டியின் வெளியே வெள்ளையாக உப்புப் பூத்தால் நிறைய நல்ல நீர் விட்டு அலசுங்க. இரவு நன்றாகக் குளிர்ந்தால்தான் சிம்பிடியம் பூந்தண்டு விடும். அதனால் கீழே சேலம் டவுனில் இருக்கிற சொந்தக்காரங்களுக்கு இதைக் கொடுக்காதீங்க, டென்ட்ரோபியம் கொடுங்க.

சுற்றுலா வருகிறவர்கள் காட்டுச்செடி கிடைக்குமா என்று கேட்பாங்க, காசும் நீட்டுவாங்க. காப்புக்காட்டில் செடி பிடுங்குவது வனச்சட்டப்படி குற்றம். அதோடு, பிடுங்கிய செடி ஒருமுறைதான் காசு தரும். தொட்டியில் வளர்த்த செடியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பருத்த தண்டு மூன்றாவது இருக்கும்படி பிரித்து நடலாம். தாய்ச்செடி நம்மிடமே இருக்கும், கன்று அடுத்த சகோதரிக்குப் போகும். சுழல்நிதி மாதிரிதான்: முதல் கரையாமல் சுற்றிக்கொண்டே இருக்கணும். ஒரு குழுவுக்கு நர்சரிக் கன்று இரண்டு வாங்கி ஆரம்பித்தால் போதும்.