ஓய்வு நாடிய தீவுகள்: மத்தியதரைக் கடல் காட்டும் வரலாறு

உழைத்து ஓய்ந்த மனிதன் தன் இறுதிக் காலத்தை எந்த மண்ணில் கழிப்பது என்னும் வினா மிகப் பழையது. பிறந்த ஊரிலேயே கண்மூட விழைவோர் ஒரு சாரார். பிறர் அறியாத தொலைநிலத்தில் அமைதி தேடுவோர் மற்றொரு சாரார். இரண்டாம் வகையினர் ஈராயிரம் ஆண்டுகளாக நாடிச் சென்ற இடங்களுள் தலையாயவை மத்தியதரைக் கடலின் தீவுகள் ஆகும். இதமான குளிர்காலம், ஒலிவ மரமும் திராட்சைக் கொடியும் செழிக்கும் சரிவுகள், கண்ணுக்கெட்டும் தொலைவெல்லாம் நீலக்கடல் ஆகியவை அங்கே அவர்களை ஈர்த்தன. சென்றவர்கள் தேடியது கிடைத்ததா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் இலக்கண மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, தொழில், பறை முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், அங்கே நிகழும் மன உணர்வை உரிப்பொருள் என்றும் வகுத்தது. அயல்தீவில் ஓய்வு நாடுவோர் பெரும்பாலும் முதற்பொருளை மட்டுமே பார்த்து இடத்தைத் தேர்கின்றனர். கருப்பொருளை நோக்காது தேர்ந்த நிலத்தில் உரிப்பொருள் எவ்வாறு அமையும்? கவிஞர் நிறைந்த இவ்வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இவ்வினாவை எழுப்புவது பொருத்தமாகும் எனக் கருதுகிறேன்.

ஒரே கடல், இருவேறு தீவுகள்

கி.மு. 6ஆம் ஆண்டில் உரோமைப் பேரரசின் முன்னணிப் படைத்தலைவரான டைபீரியஸ் அரசியலை விட்டு விலகி ரோட்ஸ் தீவுக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆர்மீனியாவிலிருந்து திரும்பும் வழியில் முன்னரே அத்தீவில் இறங்கி, அதன் எழிலிலும் உடல்நலத்திற்கேற்ற காற்றிலும் அவர் மனம் பறிகொடுத்திருந்தார் என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் கூறுகிறார். அங்கே எளிய வீட்டில் வாழ்ந்து, கிரேக்க அறிஞர்களின் விரிவுரைகளைக் கேட்டுக் காலம் கழித்தார்.

அவருடைய மனைவி ஜூலியா பேரரசர் அகஸ்டஸின் மகள். கி.மு. 2ஆம் ஆண்டில் ஒழுக்கக்கேடு என்னும் குற்றச்சாட்டின் பேரில் தந்தையே அவளைப் பாண்டத்தேரியா என்னும் சிறு தீவுக்கு நாடு கடத்தினார். கணவனுக்கு ஓய்விடமாகவும் மனைவிக்குச் சிறையாகவும் ஒரே கடலின் இரு தீவுகள் அமைந்தன. இரண்டையும் சூழ்ந்தது ஒரே நீர். கதவு யார் கையில் இருந்தது என்பதே வேறுபாடு.

அக்கதவும் டைபீரியஸுக்கு நெடுநாள் திறந்திருக்கவில்லை. தம் பதவிக்காலம் முடிந்ததும் உரோமுக்குத் திரும்ப அவர் விடுத்த வேண்டுகோளை அகஸ்டஸ் மறுத்துவிட்டார். ஓய்வாளராகச் சென்றவர் கைதியைப்போல் அஞ்சி வாழ நேர்ந்தது. கி.பி. 2ஆம் ஆண்டில்தான் திரும்பும் இசைவு கிடைத்தது. விரும்பிச் சென்ற இடத்திலிருந்து விரும்பியபோது மீள முடியுமா என்பதே ஓய்விடம் தேர்வோர் எழுப்ப வேண்டிய முதல் வினா என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பின்னர்ப் பேரரசரான டைபீரியஸ் கி.பி. 27ஆம் ஆண்டில், அறுபத்தேழாம் வயதில், காப்ரித் தீவில் குடியேறினார். பன்னிரண்டு மாளிகைகள் அவருக்கு அங்கிருந்தன என்பது டாசிட்டஸ் தரும் செய்தி. செங்குத்துப் பாறைகள் சூழ, படகு அணைய மிகக் குறுகிய கரையே உடைய தீவு அது. அதனாலேயே அவர் அதை விரும்பினார். வந்து சேர்ந்த சில நாட்களில் மீனவன் ஒருவன் தான் பிடித்த பெரிய மீனை அரசருக்குக் காணிக்கையாக்கப் பாறைகளில் ஏறி வந்தான். எதிர்பாராது ஒருவன் முன்வந்து நின்றதில் அஞ்சிய அரசர், அம்மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் செய்தார் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். அவர் ஒரு நூற்றாண்டு கழித்து எழுதியவர். அரண்மனை வம்புகளில் ஆர்வமுடையவர். ஆகவே இதை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. எனினும், தீவுக்கு வந்தவரின் அச்சத்தையும் தீவில் பிறந்தவனின் விருந்தோம்பலையும் ஒருசேரக் காட்டும் பழங்கதை இது.

நோயாளியும் ஊராரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடல்நலம் நாடுவோர் இத்தீவுகளுக்கு வரலாயினர். 1838ஆம் ஆண்டு நவம்பரில் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் அம்மையாரும் இசைமேதை ஷோப்பானும் மயோர்க்காத் தீவில் வந்திறங்கினர். ஷோப்பானின் நுரையீரல் நோய்க்கு இதமான குளிர்காலம் வேண்டியிருந்தது. ஆனால் மழை தொடங்கியதும் இருமல் பெருகிற்று. காசநோய் தொற்றும் என்று அஞ்சிய வீட்டுக்காரர் அவர்களை வெளியேற்றினார். வல்தெமோசாவில் துறவியர் வெளியேறிய பின் வெறுமையாகக் கிடந்த மடாலயத்தின் அறைகளில் அவர்கள் தங்கினர். பாரிஸிலிருந்து வந்த பியானோ சுங்கச்சாவடியில் நெடுநாள் முடங்கிற்று. 1839 பிப்ரவரியில் வந்ததைவிட நோய் முற்றிய நிலையில் ஷோப்பான் தீவை விட்டு நீங்கினார். அவ்வின்னல்களுக்கிடையிலும் அவருடைய முன்னிசைகளின் தொகுதி அங்கேதான் நிறைவு பெற்றது.

மணம் புரியாது உடன் வாழ்ந்தவர்களாகவும் கோயிலுக்குச் செல்லாதவர்களாகவும் வந்த இவர்களை ஊரார் ஐயத்தோடு நோக்கினர். ஜார்ஜ் சாண்ட் தம் பயண நூலில் மயோர்க்காவின் மலையையும் கடலையும் வானளாவப் புகழ்ந்தார். அதன் மக்களையோ கடுமையாக இகழ்ந்தார். முதற்பொருளைப் போற்றிக் கருப்பொருளைத் தூற்றியதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பதரிது.

ஊரவராகிய கவிஞர்

இதற்கு மறுதலையான வாழ்வு அதே தீவில் அமைந்தது. முதல் உலகப் போரில் படுகாயமுற்று உயிர் பிழைத்த ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1929இல் மயோர்க்காவின் டேயா என்னும் மலைச்சிற்றூரில் குடியேறினார். 1932இல் அங்கே வீடு கட்டி முடித்தார். டைபீரியஸ் காலத்து உரோமை அரண்மனையைக் களமாகக் கொண்ட 'நான், கிளாடியஸ்' என்னும் புதினத்தை 1934இல் அவர் வெளியிட்டது அவ்வூரில் வாழ்ந்தபோதுதான். சூட்டோனியஸின் நூலையும், ஜார்ஜ் சாண்டின் மயோர்க்கா நூலையும் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. தீவில் ஓய்வு நாடி அல்லலுற்ற முன்னோரின் வரலாற்றைத் தீவில் அமர்ந்தே அவர் எழுதினார் என்பது நோக்கத்தக்கது.

1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. கிரேவ்ஸ் கையில் எடுக்கக்கூடிய சில பொருள்களோடு பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறி வெளியேறினார். பத்தாண்டுகள் கழித்து 1946இல் திரும்பியபோது அவர் விட்டுச் சென்ற வீடும் உடைமைகளும் ஊராரால் காக்கப்பட்டிருந்தன. 1968இல் டேயா அவரைத் தன் தத்துப்பிள்ளையாக ஏற்றுச் சிறப்பித்தது. 1985 டிசம்பர் 7ஆம் நாள் தொண்ணூறாம் வயதில் மறைந்த அவர், அவ்வூர்க் குன்றின் உச்சியிலுள்ள கோயில் வளாகத்தில் துயில்கிறார். கல்லறையில் பெயரும், கவிஞர் என்னும் சொல்லும், பிறந்த இறந்த நாள்களும் கையால் எழுதப்பட்டுள்ளன, புகழுரை ஏதுமில்லை.

யாருடைய வீடு?

ஓய்வு நாடும் அயலார் கதையில் மிகக் கடுமையான பகுதி சைப்ரஸ் தீவுக்குரியது. 1878இல் அத்தீவின் ஆட்சிப் பொறுப்பு துருக்கியிடமிருந்து பிரிட்டனுக்கு வந்தது. இந்தியா உள்ளிட்ட நாடுகளில் அதிகாரிகளாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆங்கிலேயர் பலர், குளிர் மிகுந்த தாயகத்திற்குத் திரும்பாது, வடகரையிலுள்ள கைரேனியா நகரைத் தேர்ந்தனர். குதிரைலாட வடிவான சிறு துறைமுகம், பின்னே மலைத்தொடர், குறைந்த செலவு, ஆங்கிலேயர் ஆட்சி ஆகியவை அவர்களை ஈர்த்தன. மக்களோ பெரும்பான்மைக் கிரேக்கரும் சிறுபான்மைத் துருக்கியருமாக இருந்தனர்.

பஞ்சாபின் ஜலந்தரில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் லாரன்ஸ் டரல் 1953இல் கைரேனியாவை அடுத்த பெல்லபைஸ் என்னும் கிரேக்கச் சிற்றூரில் பழைய வீடொன்றை வாங்கினார். துருக்கியத் தரகர் ஒருவர் கிரேக்கக் குடும்பத்தோடு பேரம் பேசி அவ்வீட்டை முடித்துக் கொடுத்த காட்சியை நகைச்சுவை ததும்ப அவர் எழுதியுள்ளார். 1955 ஏப்ரலில் ஆங்கில ஆட்சிக்கெதிரான கிரேக்கரின் ஆயுதப் போராட்டம் வெடித்தது. பள்ளி ஆசிரியராயிருந்து அரசின் செய்தித்துறைப் பொறுப்பை ஏற்றிருந்த டரலுக்கும் அண்டை வீட்டாருக்கும் இடையே மௌனம் விழுந்தது. 1956இல் அவர் தீவை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டு 'கசப்பு எலுமிச்சை' என்னும் நூல் வெளிவந்தது.

1960இல் சைப்ரஸ் விடுதலை பெற்றது. 1974 ஜூலை 15இல் கிரேக்க இராணுவ ஆட்சியின் தூண்டுதலால் அங்கே ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஜூலை 20இல் துருக்கியப் படை கைரேனியாக் கரையருகே இறங்கியது. ஓய்வு நாடி வந்திருந்த முதிய ஆங்கிலேயரைப் பிரித்தானியக் கடற்படை கரையிலிருந்து ஏற்றிச் சென்றது. அவர்களுக்கு ஏறிச் செல்லக் கப்பல் இருந்தது, தாயகமும் இருந்தது. வடக்கிலிருந்த 1,60,000க்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரஸ் மக்கள் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு தெற்கே அகதிகளாயினர். தெற்கிலிருந்த பல்லாயிரம் துருக்கிய சைப்ரஸ் மக்கள் அவ்வாறே வடக்கே சென்றனர். பெல்லபைஸின் பழைய குடிகள் சில ஆண்டுகளுக்குள் முற்றிலும் மாறினர்.

பிற்காலத்தில் வடபகுதியில் நிலம் மலிவாக விற்கப்பட்டது. அயல்நாட்டு ஓய்வாளர் பலர் அங்கே வீடு வாங்கினர். ஆனால் அந்நிலங்களுள் பலவற்றின் உரிமையாளர்கள் தெற்கே உயிரோடிருந்தனர். கைரேனியாவைச் சேர்ந்த டிட்டினா லோயிசிடு என்னும் அம்மையார் தொடுத்த வழக்கில், அவர் தம் நிலத்தின் உரிமையாளராகவே தொடர்கிறார் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

மற்றொரு வழக்கு ஓய்வாளரை நேரடியாகத் தொட்டது. கைரேனியாவை அடுத்த லாப்பிதோஸில் இடம்பெயர்ந்த ஒருவருக்குரிய நிலத்தில் பிரித்தானியத் தம்பதியர் ஓய்வுக்கால இல்லம் எழுப்பியிருந்தனர். 2003இல் பிரிவுக்கோட்டின் வாயில்கள் திறந்தபின், நிலத்துக்குரியவர் வழக்குத் தொடுத்தார். வீட்டை இடித்து நிலத்தை ஒப்படைக்குமாறு நிக்கோசியா நீதிமன்றம் ஆணையிட்டது. அத்தீர்ப்பைப் பிற உறுப்பு நாடுகளும் ஏற்கவேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009 ஏப்ரல் 28இல் கூறியது. மறு ஆண்டு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை வழிமொழிந்தது. ஒருவருடைய ஓய்வில்லம் மற்றொருவருடைய இழந்த தோட்டத்தின்மேல் நின்றது என்பதை மூன்று நீதிமன்றங்கள் சொல்ல வேண்டியதாயிற்று.

இவ்வழக்கில் இரு பக்கத்தாரின் முதுமையும் உள்ளது. சேமிப்பை எல்லாம் வீட்டில் இட்டவரின் முதுமைக்கு நாம் இரங்கலாம். தம் எலுமிச்சை மரங்களைக் கோட்டுக்கு அப்பாலிருந்து முப்பதாண்டுகள் எண்ணியிருந்தவரின் முதுமையோ வரைபடத்திலும் விற்பனைக் கையேட்டிலும் இடம்பெறாதது.

தேர்வோர் நினைக்கத் தக்கவை

இன்றும் மால்டா, சைப்ரஸ், மயோர்க்கா முதலிய தீவுகளை ஓய்வாளர் நாடுகின்றனர். 2020இன் இறுதிவரை ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளால் பிரித்தானியர் அங்கே தடையின்றித் தங்க முடிந்தது. முன்னரே குடியேறியவர்க்கு உடன்படிக்கை காப்பளித்தது. புதிதாகச் செல்வோர் இசைவு பெறாவிடில் ஒன்றியத்தின் எல்லைதிறந்த நாடுகளில் 180 நாளில் 90 நாள் மட்டுமே தங்கலாம். டைபீரியஸ் கண்ட மூடிய கதவு இன்று சட்ட விதியாக வருகிறது.

மேற்கூறியவற்றால் சில பெறப்படுகின்றன. கோடையில் பார்த்த தீவைக் குளிர்கால மழையிலும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது ஷோப்பான் தரும் பாடம். வீட்டின் விலையைக் கேட்கும்முன் அதன் பழைய உரிமையாளர் எங்கே இருக்கிறார் என்று கேட்க வேண்டும் என்பது கைரேனியா தரும் பாடம். துணையை இழந்து, நோயுற்று, படிக்கட்டு ஏற இயலாத நாளில் எந்த மொழியில் அண்டை வீட்டாரை அழைப்போம் என்பதைக் கால் வலுவாயிருக்கும்போதே எண்ண வேண்டும். கிரேவ்ஸுக்கு அதற்கு விடை இருந்தது. அவ்விடையை அவர் விலைகொடுத்து வாங்கவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலான பழக்கத்தால் டேயா மக்களிடமிருந்து பெற்றார். அவர் போரில் நீங்கியிருந்த பத்தாண்டுகளில் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டவர்களின் பெயர்கள் இலக்கிய வரலாற்றில் பெரிதும் பேசப்படுவதில்லை. அத்தீவின் கருப்பொருளாய் நின்று, வந்தவரை ஊரவராக்கியவர்கள் அவர்களே.