சித்தூர் கோர்ட்டும் ஐந்து வருஷச் சட்டப் படிப்பும்

என் தகப்பனார் சித்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போன சிறு வயதிலேயே எம். அனந்தசயனம் ஐயங்காரின் பெயர் என் காதில் விழுந்துவிட்டது. திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891-ல் பிறந்தவர். சென்னைச் சட்டக் கல்லூரி தொடங்கியதும் அதே வருஷம்தான். அந்நாளில் சட்டம் படிக்க முதலில் ஒரு பட்டம் வேண்டும். ஐயங்கார் பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. முடித்து, 1913-ல் சட்டப் பட்டம் பெற்றார். சில காலம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு 1915-ல் வக்கீல் தொழிலுக்கு வந்தார். 1956-ல் லோக்சபா சபாநாயகரானார்.

பிள்ளையைப் பல வருஷம் பட்டணத்தில் வைத்துப் படிக்க வைக்கக் கையில் பணம் வேண்டும். என் தகப்பனாரிடம் அது இல்லை. நான் பாங்க் உத்தியோகத்துக்குப் போனேன்.

1980-களில் இந்திய பார் கவுன்சில் புது வழி திறந்தது. பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்து வருஷத்தில் பி.ஏ., எல்எல்.பி. இரண்டும் வாங்கலாம். பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியில் 1988-ல் இந்தப் படிப்பு தொடங்கியது. பட்டதாரிகளுக்கான மூன்று வருஷப் படிப்பும் தொடர்ந்தது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான 'கிளாட்' நுழைவுத் தேர்வு 2008-ல் வந்தது. ஆந்திராவின் மற்றக் கல்லூரிகளுக்கு 'லாசெட்': ஒன்றரை மணி நேரத்தில் 120 கேள்விகள்.

2008-ல் வந்த பார் கவுன்சில் விதிகள் பிளஸ் டூவில் பொதுப் பிரிவினருக்கு 45 சதவீத மதிப்பெண் கேட்டன. வயது 20-க்கு மேல் கூடாது என்றும் சொல்லின. அந்த வயது வரம்பு 2013-ல் விலக்கப்பட்டு, 2016 செப்டம்பரில் திரும்பவும் வந்தது.

அப்போது என் தங்கை பேத்திக்கு 20 முடிந்துவிட்டது. டாக்டருக்குப் படிக்க வேண்டுமென்று இரண்டு முறை முயன்று, பிறகு தகப்பனாரின் வியாதியில் ஒரு வருஷம் போக்கியவள். "தாத்தா, எனக்கு வயசாயிடுத்தாம்" என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 2017 மார்ச் 3-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அவள் 'லாசெட்' எழுதித் திருப்பதியிலேயே சேர்ந்தாள். இன்று அவள் கறுப்பு கோட்டுடன் ஏறுவது என் தகப்பனார் கட்டுச் சுமந்த அதே சித்தூர் கோர்ட் படிகளில்தான்.

வெளியூர்களில் உள்ள அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. ஆந்திராவில் 1974-ஆம் வருஷ ஜனாதிபதி உத்தரவு 100-க்கு 85 இடங்களை உள்ளூர் மாணவர்களுக்கு ஒதுக்கியது. கடைசி நான்கு வருஷம் எங்கே படித்தார்கள் என்பதே அதில் முக்கியக் கணக்கு. சித்தூர் பூர்வீகம் என்பது மட்டும் போதாது. விண்ணப்பிக்கும் முன் அந்தந்த வருஷ அறிவிப்பைப் பெரியவர்களும் ஒரு முறை படித்துவிடுங்கள். யாரோ சொன்னார்கள் என்று குழந்தையின் ஆசைக்கு நாமே கதவைச் சாத்திவிட வேண்டாம்.