மரியாதையிலிருந்து சட்டத்திற்கு: கிள்ளான் பள்ளத்தாக்கில் பொதுவிடப் புகைத்தல் - ஒரு வரலாற்று நோக்கு

பெட்டாலிங் ஜெயாவின் உணவகங்களிலும் அடுக்ககங்களின் மின்தூக்கிகளிலும் மாம்பழ வாசனையோ புதினா வாசனையோ கலந்த வெண்ணிற ஆவி படர்வது அண்மைக் காலத்தில் பலரும் கண்ட காட்சியாகும். வெண்சுருட்டைப் பிறர் முன் பற்றவைக்கக் கூசிய சமூகத்தில், வேப் எனப்படும் மின்சுருட்டை இழுப்போருக்கு அக்கூச்சம் எழாதது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை. இதனை ஒழுக்கக் குறைவு எனக் கூறி ஒதுக்கிவிடுவது எளிது. எனினும், பொதுவிடப் புகைத்தலைப் பற்றிய நம் எண்ணம் எவ்வாறு உருவாயிற்று என்று பின்னோக்கிப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது.

புகையிலை தமிழகத்திற்கு அயலிலிருந்து வந்த பயிர். போர்த்துக்கீசியர் வழியாக 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இந்தியாவில் பரவிய அதனை மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617இல் தடைசெய்தும் பயன் விளையவில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார், புகையாமைக்கு வகுக்கவில்லை. அவர் காலத்தில் இச்செடியே இங்கில்லை. பிற்காலப் புலவர்களோ இதனைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக அனுப்பிப் 'புகையிலை விடு தூது' பாடினார். அதனை உ.வே.சாமிநாதையர் 1939இல் பதிப்பித்தார். தூது இலக்கியத்தில் அன்னமும் மேகமும் பெற்ற இடத்தைப் புகையிலையும் பெற்றது என்றால், அப்பொருளின் மீது அக்காலத்தார்க்கு இழிவெண்ணம் இல்லை என்றே கொள்ளலாம். ஆங்கிலத்தில் வழங்கும் 'செரூட்' என்னும் சொல் நம் 'சுருட்டு' என்பதன் திரிபே என்பதையும் தமிழாசிரியர்கள் அறிவர்.

பொருள் இழிவானதாகக் கருதப்படவில்லை; ஆனால் அதனை யார் முன்னிலையில் நுகர்வது என்பதில் கண்டிப்பு இருந்தது. தந்தையோ ஆசிரியரோ ஊர்ப் பெரியவரோ எதிர்ப்பட்டால் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைப்பதும், தரையில் போட்டு மிதிப்பதும் எழுதப்படாத விதிகள். இவ்விதி இடத்தைச் சார்ந்ததன்று, ஆளைச் சார்ந்தது. அதே திண்ணையில், அதே மரத்தடியில், பெரியவர் அகன்றதும் பீடி மீண்டும் புகையும். அருகில் மனைவியோ கைக்குழந்தையோ இருப்பது ஒரு பொருட்டாகாது. புகையினால் பிறர்க்கு விளையும் தீங்கு இம்மரியாதையின் கணக்கில் இடம்பெறவேயில்லை.

மலாயாத் தோட்டங்களில் இவ்வாள்சார் மரியாதை ஆதிக்கத்தின் கருவியாகவும் பயன்பட்டது. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் தொழிலாளி எவ்வாறு நிற்பது, எவ்வாறு நடப்பது என்பனவெல்லாம் வகுக்கப்பட்டிருந்தன. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச்.நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் ஊதிய உயர்வும் கள்ளுக்கடை மூடலும் இருந்தன. அவற்றோடு, வெள்ளை நிருவாகிகளையும் ஆசிய அலுவலர்களையும் கண்டால் மிதிவண்டியைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை நீக்க வேண்டும் என்பதும் ஒன்று. அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். புகைத்தலைப் பற்றி அக்கோரிக்கைகள் ஏதும் பேசவில்லை. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பொதுவழியில் ஒருவர் எவ்வாறு நடந்துகொள்வது என்பதை எதிரே வருபவரின் தகுதி தீர்மானிக்கக் கூடாது என்று இம்மண்ணின் தமிழர் உயிர் கொடுத்துக் கேட்டிருக்கின்றனர். 'அக்காலத்தில் மரியாதை இருந்தது' என்று ஏங்குவோர் அம்மரியாதையின் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெட்டாலிங் ஜெயா 1950களில் ரப்பர்த் தோட்ட நிலத்தில் எழுந்த புதிய நகரம். இங்கு ஆள்சார் மரியாதை தளர்ந்தது. அண்டை வீட்டார் யாரெனத் தெரியாத வாழ்வு தொடங்கியது. வெண்சுருட்டும் இங்குதான் பேருருக் கொண்டது. 1960களில் இந்நகரில் காலூன்றிய ரோத்மன்ஸ் நிறுவனத்தின் பெயரால் பல்கலைக்கழகச் சாலையை ஒட்டிய சாலை வட்டம் ஒன்றையே மக்கள் 'ரோத்மன்ஸ்' என்று அழைத்தனர். அந்நிறுவனமும் மலேசியப் புகையிலை நிறுவனமும் 1999இல் இணைந்து பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ (மலேசியா) ஆயின. அதன் ஆலை மூடப்படும் என 2016இல் அறிவிக்கப்பட்டது. 1989இல் தொடங்கிய அரைத் தொழில்முறைக் காற்பந்துப் போட்டி முதல் 2000களின் தொடக்கம் வரை நாட்டின் காற்பந்துக் குழுப்போட்டி 'டன்ஹில்' பெயரைத் தாங்கியிருந்தது. வெண்சுருட்டு, பெரியவர்முன் மறைக்கும் பொருளாக இருந்த நிலை மாறி, விளையாட்டரங்கின் முகப்பில் மின்னும் பெயராயிற்று.

சட்டம் இதற்குப் பின்னரே வந்தது. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் 1993இலும், பின்னர் விரிவாக 2004இலும் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 'தாக் நாக்' (வேண்டாம்) இயக்கமும் 2004இல்தான் தொடங்கிற்று. இவ்விதிமுறைகள் கொணர்ந்த மாற்றம் அடிப்படையானது. மருத்துவமனை, பள்ளி, பொதுப் போக்குவரத்து ஊர்தி என இடங்கள் பெயர் சுட்டப்பட்டன. அங்கு நிற்பவர் பெரியவரா சிறியவரா என்பது பொருட்டன்று. 2019 ஜனவரி முதல் நாள் திறந்தவெளி உணவகங்களும் இப்பட்டியலில் சேர்ந்தன. மேசைகளிலிருந்து 3 மீட்டர் தள்ளியே புகைக்கலாம் என்றாயிற்று. அவ்வாண்டு முழுதும் அறிவுறுத்தலுக்கு ஒதுக்கப்பட்டது. 2020 தொடக்கத்தில் தண்டம் நடைமுறைக்கு வந்தது. இத்தடையை எதிர்த்துப் புகைப்போர் எழுவர் தொடுத்த வழக்கைக் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. தேநீரும் வெண்சுருட்டும் பிரியாத இணையெனக் கருதப்பட்ட மாமாக் உணவகங்களில் சாம்பல் கிண்ணம் மறைந்தது, இந்நூற்றாண்டில் நம் பொதுவாழ்வில் நிகழ்ந்த பெரிய நடத்தை மாற்றங்களுள் ஒன்று என்பது என் கருத்து.

இந்நிலையில்தான் மின்சுருட்டு வந்து சேர்ந்தது. 2015இல் இதனைத் தடைசெய்வதா, தொழிலாக ஊக்குவிப்பதா என்று அமைச்சர்களிடையே கருத்து வேறுபாடு வெளிப்படையாகவே எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் இதனை ஹராம் என அறிவித்தது. ஜொகூர் போன்ற மாநிலங்கள் 2016 முதல் விற்பனையைத் தடுத்தன. நடுவணரசின் போக்கோ நெடுங்காலம் தெளிவுபடவில்லை. 2023 மார்ச் 31ஆம் நாள் திரவ நிக்கோடின் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. மறுநாளே அதன்மீது ஒரு மில்லிலிட்டருக்கு 40 சென் கலால் வரி விதிக்கப்பட்டது. 852ஆம் சட்டமாகிய பொதுச் சுகாதாரத்திற்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் முதல் நாளன்றே நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட 18 மாதங்களில் வரி இருந்தது. சிறார்க்கு விற்பதைத் தடுக்கும் தனிச்சட்டம் இல்லை. இதனை ஆட்சியின் சிறு கவனக்குறைவு என்று கடந்துபோக இயலவில்லை. 13 முதல் 17 வயது மாணவரிடையே வெண்சுருட்டுப் பழக்கம் 2017இல் 13.8 விழுக்காடாக இருந்து 2022இல் 6.2 விழுக்காடாகக் குறைந்தது. அதே காலத்தில் மின்சுருட்டுப் பழக்கம் 9.8இலிருந்து 14.9 விழுக்காடாக உயர்ந்தது. இவை தேசிய உடல்நல ஆய்வு தரும் எண்கள். பள்ளிக் கழிப்பறைகளில் ஆசிரியர் காண்பதை இவ்வெண்கள் உறுதிப்படுத்துகின்றன.

முதலில் எழுப்பிய வினாவிற்கு இனி வரலாம். பழைய கூச்சம் புகையைப் பற்றியதன்று. தீக்குச்சி உரசல், கருகும் நாற்றம், உதிரும் சாம்பல், விரலிடுக்கில் ஏந்தும் தோரணை ஆகிய அடையாளங்களைப் பற்றியது. மின்சுருட்டில் இவற்றுள் ஒன்றுமில்லை. உள்ளங்கையில் அடங்கும் கருவி. ஓர் இழுப்போடு சட்டைப்பைக்குள் போய்விடுகிறது. பெயரும் இதற்குத் துணைபோகிறது. 'ஆவி' என்றதும் இட்டலிப் பானையின் நீராவியே தமிழர் நினைவுக்கு வரும். உண்மையில் அது நீராவி அன்று. கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், நிக்கோடின், சுவையூட்டிகள் கலந்த நுண்துளிகள். வெண்சுருட்டு இழுக்காதபோதும் எரிந்து புகைவிடும். இதிலோ இழுப்பவர் வெளிவிடுவது மட்டுமே காற்றில் கலக்கும். ஆதலின் அருகிலிருப்போர் சுவாசிக்கும் அளவு வெண்சுருட்டைவிடக் குறைவு. குறைவு என்பது இல்லை என்றாகாது. 'புகைத்தல்' என்னும் சொல்லையே இதற்கும் வழங்குவது நன்று. 852ஆம் சட்டமும் இரண்டையும் புகைப்பொருள் என்றே ஒருங்கு கொள்கிறது.

தடைசெய்யப்பட்ட இடத்தில் புகைப்போர்க்கு இச்சட்டம் 5,000 ரிங்கிட் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. எனினும் சட்டம் எட்டாத இடங்களும் உள. அடுக்ககத்தில் கீழ்வீட்டு மாடத்திலிருந்து எழும் புகை மேல்வீட்டுக் குழந்தையின் அறைக்குள் நுழைவது அவற்றுள் ஒன்று. அங்கே தண்டச்சீட்டும் இல்லை, பழைய மரியாதையும் இல்லை. கீழ்வீட்டாரின் கதவைத் தட்டி, "ஐயா, குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லும் துணிவும், அதனை அவமதிப்பாகக் கொள்ளாத பக்குவமும் தேவைப்படுகின்றன. வழிபாட்டிடம் மற்றொன்று. முனீசுவரர்க்கும் மதுரை வீரனுக்கும் சுருட்டுப் படைப்பது தோட்டக் காலந்தொட்டு வரும் வழக்கம். தைப்பூசத்தில் அருள் வந்தோர் சுருட்டு இழுப்பதைச் சமய அமைப்புகள் கண்டித்து வந்துள்ளன. படையலாகிய சுருட்டையும் கோயில் வாகன நிறுத்துமிடத்தில் இளைஞன் இழுக்கும் மின்சுருட்டையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. ஆனால் இரண்டின் ஆவியும் சென்று சேர்வது பால்குடம் ஏந்தி அருகில் நிற்கும் கருவுற்ற பெண்ணின் மூச்சில்தான். சுருட்டைச் சன்னிதியில் படைத்துவிட்டுப் பற்றவைக்காமலே விடும் ஏற்பாட்டைக் கோயில் நிருவாகங்கள் பக்தர்களோடு கலந்து முடிவு செய்யலாம். அதற்குத் தண்டச்சீட்டு தேவைப்படாது.