வெள்ளிப் புரூஃப் தொகுப்பும் கிளாட் புரூஃப் தொகுப்பும்

புரூஃப் நாணயம் என்பது புழக்கத்துக்காக அல்லாமல், சேகரிப்போருக்காகத் தனிக் கவனத்துடன் அச்சிடப்படும் நாணயம் ஆகும். மெருகேற்றிய அச்சுகளைக் கொண்டு, மெருகேற்றிய வட்டத் தகடுகள் மீது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி இது உருவாக்கப்படுகிறது. அதனால் பின்புலம் கண்ணாடி போலப் பளபளக்கும். உருவங்கள் பனி படர்ந்தது போல வெண்மையாக எழுந்து நிற்கும். ஓர் ஆண்டின் பல்வேறு மதிப்புள்ள நாணயங்களை ஒரே உறையில் சேர்த்து விற்றால் அது புரூஃப் தொகுப்பு. அமெரிக்க நாணயச்சாலை 1992 முதல் இத்தொகுப்பை இரண்டு வகைகளில் விற்று வருகிறது. ஒன்று வெள்ளி, மற்றொன்று கிளாட். எதை வாங்குவது என்று சேகரிப்போர் அன்று முதல் கேட்டு வருகின்றனர். இக்கேள்வியின் வேர் 1965-இல் இருக்கிறது.

அதற்கு முன் இப்படியொரு கேள்வியே எழவில்லை. அமெரிக்காவின் 10 சென்ட் (டைம்), கால் டாலர், அரை டாலர் ஆகிய மூன்றும் 90 விழுக்காடு வெள்ளியால் ஆனவை. 1950-இல் பிலடெல்பியா நாணயச்சாலை ஒரு தொகுப்பை 2.10 டாலருக்கு விற்றது. உள்ளே இருந்த ஐந்து நாணயங்களின் முகமதிப்பு 91 சென்ட். அவ்வாண்டு விற்றவை சுமார் 51,000 தொகுப்புகள் மட்டுமே. கென்னடி உருவம் பொறித்த அரை டாலர் வெளிவந்த 1964-இல் அந்த எண்ணிக்கை 39 லட்சத்தைத் தாண்டியது. விலையோ அதே 2.10 டாலர்.

இதற்கிடையில் வெள்ளியின் விலை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு டாலர் முகமதிப்புள்ள வெள்ளிச் சில்லறையில் சுமார் 0.72 டிராய் அவுன்ஸ் வெள்ளி உண்டு. எனவே ஓர் அவுன்ஸ் வெள்ளி 1.38 டாலரைக் கடந்துவிட்டால், நாணயத்தைச் செலவழிப்பதைவிட உருக்குவதே இலாபம். அந்த நிலை நெருங்குவதைக் கண்ட மக்கள் சில்லறையைப் பதுக்கினர். கடைகளில் சில்லறைத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1965 ஜூலை 23 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் புதிய நாணயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். டைமிலிருந்தும் கால் டாலரிலிருந்தும் வெள்ளி முற்றிலும் நீக்கப்பட்டது. அவற்றின் இடத்தை கிளாட் எனப்படும் அடுக்கு உலோகம் பிடித்தது. நடுவில் தூய செம்பு. இருபுறமும் 75 விழுக்காடு செம்பும் 25 விழுக்காடு நிக்கலும் கலந்த மேல் தகடுகள். நாணயத்தின் விளிம்பைப் பார்த்தால் செம்பின் சிவப்புக் கோடு தெரியும். எடையிலும் வேறுபாடு உண்டு. வெள்ளிக் கால் டாலர் 6.25 கிராம், கிளாட் கால் டாலர் 5.67 கிராம்.

தட்டுப்பாட்டுக்குச் சேகரிப்போர் மீதும் பழி விழுந்தது. 1965 முதல் 1967 வரை புரூஃப் தொகுப்புகள் அச்சிடப்படவில்லை. 1968-இல் அவை திரும்பி வந்தபோது பணி சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறியிருந்தது. நாணயங்களில் அந்நகரைக் குறிக்கும் ‘எஸ்’ எழுத்து இடம்பெற்றது. விலை 5 டாலர். அதாவது வெள்ளி ஏறக்குறைய மறைந்த பிறகு, தொகுப்பின் விலை இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது! 40 விழுக்காடு வெள்ளியுடன் எஞ்சியிருந்த அரை டாலரும் 1971-இல் கிளாட் ஆயிற்று.

1992-இல் நாணயச்சாலை பழைய 90 விழுக்காடு வெள்ளியில் டைம், கால் டாலர், அரை டாலர் ஆகியவற்றைச் சேகரிப்போருக்காக மட்டும் மீண்டும் அச்சிடத் தொடங்கியது. வெள்ளித் தொகுப்பு என்ற பெயர் இருந்தாலும் அதிலுள்ள எல்லாமே வெள்ளி அல்ல. ஒரு சென்ட்டும் ஐந்து சென்ட்டும் இரு தொகுப்புகளிலும் ஒன்றே. 2000 முதல் சேர்ந்த பொன்னிற ஒரு டாலரும் அப்படியே. புதிதாக வாங்குவோர் பலர் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டையும் ஒப்பிட 1999 நல்ல எடுத்துக்காட்டு. ஆண்டுக்கு ஐந்து மாநிலங்கள் வீதம் கால் டாலர் வெளியிடும் திட்டம் அவ்வாண்டில்தான் தொடங்கியது. கிளாட் தொகுப்பின் விலை 19.95 டாலர், வெள்ளித் தொகுப்பு 31.95 டாலர். வெள்ளித் தொகுப்பின் ஏழு வெள்ளி நாணயங்களில் சுமார் 1.34 அவுன்ஸ் வெள்ளி இருந்தது. அன்று ஓர் அவுன்ஸ் சுமார் 5 டாலர். ஆக, ஏறத்தாழ 7 டாலர் பெறுமான வெள்ளிக்காக 12 டாலர் கூடுதலாகக் கேட்கப்பட்டது. கணக்குப் பார்த்தவர்கள் கிளாட் தொகுப்பையே வாங்கினர். வெள்ளித் தொகுப்பு சுமார் 8 லட்சம் மட்டுமே விற்றது. கிளாட் 25 லட்சத்தைத் தாண்டியது. சில ஆண்டுகளில் மாநில நாணய மோகம் உச்சத்தை எட்டியபோது அந்த 8 லட்சம் தொகுப்புகளின் விலை சில நூறு டாலர்களுக்குப் போனது. மோகம் தணிந்ததும் பெரிதும் இறங்கியது. உச்சத்தில் வாங்கியவருக்கு உள்ளே இருந்த வெள்ளி கைகொடுக்கவில்லை.

ஆனாலும் வெள்ளித் தொகுப்புக்கு ஓர் அடித்தளம் உண்டு. சேகரிப்போர் எவரும் கேட்காவிட்டாலும் உலோகத்துக்கு விலை இருக்கும். கிளாட் தொகுப்புக்கு முகமதிப்பே அடித்தளம். 1980-களில் நாணயச்சாலை 11 டாலருக்கு விற்ற தொகுப்புகள் பல, பல்லாண்டுகளுக்குப் பின்னும் அதைவிடக் குறைந்த விலைக்கே கைமாறின. பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் என்று ஆண்டுதோறும் வாங்கி அடுக்கியவர்களுக்கு இது வலிக்கும் கணக்கு. முதலீடு என்ற நோக்கில் கிளாட் தொகுப்பைப் பரிந்துரைக்க இயலாது.

வரலாற்றுக்காகச் சேகரிப்பவரின் நிலை வேறு. அமெரிக்கர் ஒருவர் 1995-இல் பேருந்துக்கும் தொலைபேசிக்கும் கொடுத்த நாணயம் கிளாட்தான். அவ்வாண்டின் வெள்ளிக் கால் டாலர் எந்தக் கடைக்காரரும் சில்லறையாக எண்ணித் தர அச்சிடப்பட்டதல்ல. 2019 முதல் வெள்ளித் தொகுப்பின் தூய்மை 99.9 விழுக்காடாக உயர்த்தப்பட்டதால், பழைய புழக்க நாணயத்துடன் அதற்கிருந்த கலவை ஒற்றுமையும் போய்விட்டது. ஒரு நாட்டின் பணம் எப்படி இருந்தது என்று மாணவருக்குக் காட்ட 1964-ஆம் ஆண்டுத் தொகுப்பையும் 1968-ஆம் ஆண்டுத் தொகுப்பையும் அருகருகே வைப்பதே போதும். இரண்டும் எளிதில் கிடைப்பவை.

உலோகத்தை மட்டும் நம்புவோர் 1975-ஆம் ஆண்டின் ஒரு டைமையும் அறிந்திருக்க வேண்டும். அவ்வாண்டுத் தொகுப்புகளில் ‘எஸ்’ எழுத்து விடுபட்ட டைம்கள் இதுவரை இரண்டே அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 2024-இல் 5 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அதில் வெள்ளி துளியும் இல்லை, வெறும் கிளாட்.

எதை வாங்கினாலும் நாணயச்சாலையின் உறையைப் பிரிக்காமல் வைப்பது நல்லது. விரல் பட்டால் கண்ணாடிப் பரப்பில் ரேகை பதிந்துவிடும். துடைத்தால் கீறல் விழும். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பிவிசி கலந்த மலிவான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பச்சைப் படலத்தை உண்டாக்கும். இது கிளாட் நாணயத்தையும் விடாது.