வழிவிடுதல்: ஆசாரக்கோவை முதல் போடிமெட்டு வரை

மூணாறிலிருந்து கேப் ரோடு, சின்னக்கானல், பூப்பாறை வழியாகப் போடிமெட்டுக்குச் செல்லும் நம் சாலை, கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85-இன் ஒரு பகுதி என்பதைச் சங்கத்து அன்பர்கள் அறிவீர்கள். போடிமெட்டுக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம் 17 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பழைய டிரைவர்கள் ஒரு வழக்கத்தை விடமாட்டார்கள். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டியைக் கண்டால், இறங்கும் வண்டி ஓரம் கட்டி நின்றுவிடும். "ஏறி வர்றவனுக்குத்தாங்க பாதை" என்பார்கள்.

இது வெறும் மரியாதை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். சட்டமும் அதுதான் என்று பிறகு தெரிந்தது. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளில் இது எழுதப்பட்டிருக்கிறது. பாரம் இழுத்து மூச்சு வாங்குபவனுக்கு முதலிடம் என்பதே அதன் உட்பொருள்.

நாலடியாரைக் காதால் கேட்டு வளர்ந்த தமிழ்ச் சமணக் குடும்பத்தவன் நான். அந்நூல் அடங்கிய பதினெண்கீழ்க்கணக்குத் தொகையைப் புரட்டியபோது, பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவையில் ஒரு செய்தி கண்டேன். யார் யாருக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்று அவர் ஒரு பட்டியலே தருகிறார். அந்தணர், தவசியரோடு சுமை தூக்கி வருவோர், நோயாளர், மூத்தோர், இளையோர், பசு, பெண்டிர் ஆகியோர் அதில் இடம்பெறுகின்றனர். அந்தணர் முதலிடம் பெற்றது அக்காலத்து வழக்கம். அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சுமந்து வருபவருக்குத் தனி இடம் கொடுத்திருப்பது கவனிக்கத்தக்கது.

மோட்டார் வந்தபின் இது தலைகீழாயிற்று. மோட்டார் வாகனங்களுக்கென இந்தியா முழுமைக்குமான முதல் சட்டம் 1914-இல் வந்தது. பின்னர் 1939-இலும் 1988-இலும் புதிய சட்டங்கள் வந்தன. இவற்றின் கணக்கில் சைக்கிள் ஒரு மோட்டார் வாகனமே அல்ல. ஆகவே ஓட்ட லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆனால் அவனைச் சும்மா விடவும் இல்லை. உள்ளாட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்க வேண்டியிருந்தது, இரவில் விளக்கு வேண்டும், டபுள்ஸ் கூடாது. மீறினால் டியூப் காற்று போய்விடும்!

எனக்குச் சுமார் பதினைந்து வயதிருக்கும். அப்பா கேரியரில் எண்ணெய் டின் கட்டி ஊர் ஊராகப் போய் விற்பார். ஒருநாள் அந்தி நேரம், எதிரே முந்திக்கொண்டு வந்த பஸ் அவரைத் தார் ரோட்டிலிருந்து பள்ளத்தில் இறக்கிவிட்டது. டின் உடைந்து எண்ணெயெல்லாம் மண்ணோடு போயிற்று. முழங்கை கிழிந்து நின்றவரிடம் அங்கு வந்த காவலர் கேட்டது, "வில்லை எங்கேய்யா? விளக்கு ஏன் இல்லே?" என்பதுதான். பஸ் நம்பரை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அபராதம் கட்டிவிட்டு வந்த அப்பா, "ரோடு அவங்களுதுடா, நாம ஓரம்தான்" என்றார். அந்தச் சொல் இன்றும் எனக்கு உறுத்தல்.

அப்பா சொன்னது சரியில்லை என்று சட்டமே பிற்பாடு சொல்லிவிட்டது. சைக்கிளுக்கென ஒதுக்கிய தடத்தில் மோட்டார் வண்டி ஏறக்கூடாது என்று 1989 விதிகள் கூறின. 2017-இல் வந்த வாகனம் ஓட்டும் விதிமுறைகள் இன்னும் ஒருபடி மேலே போயின. நடந்து செல்வோர், சைக்கிள் ஓட்டுவோர், சிறுவர், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர் தனிக் கவனம் கொள்ள வேண்டும் என்கின்றன. முள்ளியார் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூத்தோரும் இளையோரும் அப்படியே இருக்கிறார்கள். நோயாளர் இடத்தில் மாற்றுத்திறனாளி. சுமந்து வருபவர் இடத்தில் சைக்கிள்காரர் என்று நான் கொள்கிறேன்.

சட்டம் திருந்தினாலும் நகரத்துச் சாலை அவ்வளவு எளிதில் திருந்துவதில்லை. தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே நடப்போருக்கும் சைக்கிளுக்கும் முதன்மை தரச் சொன்னது. ஆயினும் கொல்கத்தாவில் 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. பால்காரரும் பேப்பர்காரரும் பிழைப்புக்குத் திண்டாடினார்கள். மறுபுறம், சென்னை மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கை வகுத்து, போக்குவரத்துப் பணத்தில் 60 விழுக்காட்டையாவது நடைக்கும் சைக்கிளுக்குமான வசதிகளுக்குச் செலவிட வேண்டும் என்றது. காகிதத்தில் உள்ளது ரோட்டில் வந்துசேர வேண்டும், அவ்வளவே.

நம் மலைச்சாலையும் இப்போது அகலமாகிவிட்டது. வேகமும் கூடிவிட்டது. பேரப்பிள்ளைகள் மாலையில் சைக்கிள் எடுத்தால் வீட்டுப் பெரியவர்கள் வாசலிலேயே நிற்கிறோம். நம்மில் பலர் இன்று கார் வைத்திருக்கிறோம். நகரத்துச் சமதளத்திலும் சைக்கிள்காரர் தன் காலால்தான் வண்டியை இழுக்கிறார்; அவர் எப்போதும் ஏறி வருபவரே. போடிமெட்டில் நாம் தவறாமல் செய்வதை மதுரையிலும் கொச்சியிலும் செய்தால் போதும். ஓரம் போக வேண்டியவர் அப்பா அல்லர்; அந்த பஸ்தான் சற்றே நின்றிருக்க வேண்டும்.